கிறுக்கல் ஸ்டூடியோவின் குணம்

கிறுக்கல் ஸ்டூடியோவின் உரிமையாளர் குமரகுருபரன் தன் புதிய அலுவலகத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். அதற்குக் குணம் இருக்க வேண்டும்.

ரமீஜாவுக்கு இது புதிதல்ல. இருபது வருடமாகச் சென்னையில் அலுவலகங்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறாள். குணம் வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளர் ஒருவரைக்கூட அவள் சந்தித்ததில்லை. அதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருந்தாள். பூசாத செங்கல் சுவர். அது செங்கல் இல்லை, செங்கல்போல அச்சடித்த அரை அங்குலத் தகடு. வரவேற்பறையில் ஊஞ்சல், முதல் வாரம் எல்லோரும் ஆடுவார்கள், அடுத்த வாரத்திலிருந்து கூரியர் பார்சல்கள் ஆடும். பாதியாக அறுத்த ஆட்டோ ஒன்று, அதற்குள் நான்கு பேர் உட்கார்ந்து யோசிக்கலாம். முழங்கால் இடிக்கும் என்பதால் யாரும் உட்காருவதில்லை.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பழைய அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கட்டடத்தை வாங்கி, வெறும் சுவரும் கூரையுமாக அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். சோப்பு, பிஸ்கட், அடுக்குமாடி வீடு என்று எதைக் கொடுத்தாலும் விளம்பரம் எடுத்துத் தரும் நிறுவனம் அது. நாற்பத்தைந்து பேர் வேலை பார்த்தார்கள். குமரகுருபரனை எல்லோரும் 'குரு' என்றுதான் அழைக்க வேண்டும், 'சார்' கூடாது என்று அவரே உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவு படைப்பாளிகளுக்கு மட்டும் என்பது மற்றவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

ரமீஜா தன் படங்களை மேஜையில் பரப்பினாள். குரு ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளினார்.

"இதெல்லாம் மேக்கப் மேடம். எனக்கு மேக்கப் வேணாம். ஆளு வேணும்."

"ஆளுன்னா?"

"உள்ள நுழைஞ்சதும் இங்க யாரோ இருக்காங்கன்னு தோணணும். சுவரு, லைட்டு, கதவு எல்லாம் சேர்ந்து ஒரே ஆளா இருக்கணும். பெங்களூர்ல ஒரு கம்பெனி அதைச் செய்யுதாமே."

செய்தது. அதன் பெயர் இயல்புப் பதிவு. சந்தைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கம்பெனியின் சென்னைத் தொழில்நுட்ப நிபுணராக லாரன்ஸ் என்பவர் மறுவாரம் வந்தார். எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கமுள்ள, பொறுமையான ஆள்.

"ஒரு மனுஷனோட இயல்ப எடுத்துக் கட்டடத்துக்குப் போட்டுடலாம் சார்," என்றார் லாரன்ஸ். "நினைவு எதுவும் போகாது. உங்க பாஸ்வேர்டு, பழைய காதல், எதுவும் எங்களுக்கு வேணாம். ஒருத்தர் அழறாரு, என்ன பண்ணுவீங்க? ஒருத்தர் பொய் சொல்றாருன்னு தெரியுது, என்ன பண்ணுவீங்க? மனசு எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு வேகமா சாயுது, அதை மட்டும் பதிவு பண்றோம். மனசு சாயற பக்கம் மட்டும்தான் சார்."

"பண்ணிட்டு?"

"லைட்டு, ஏசி, கதவு, கண்ணாடித் தடுப்பு, காபி மெஷின், மீட்டிங் ரூம் புக்கிங் எல்லாத்தையும் அந்த இயல்பு நடத்தும். கட்டடம் பேசாது. ஆனா நடந்துக்கும்."

"யாரோட இயல்பைப் போடப் போறோம்?" என்று கேட்டாள் ரமீஜா.

இதுகூடத் தெரியாதா என்பதுபோலக் குரு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பதிவுக்கு ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு லாரன்ஸ் சொல்லும் சூழ்நிலைகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். குரு முதல் அமர்வுக்கு முழுதாக வந்தார். இரண்டாவதில் பாதி நேரம் போனில் இருந்தார். மிச்சத்தை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காருக்குள்ளேயே முடித்தார்கள். "போதும் சார், உங்க இயல்பு ரொம்பத் தெளிவா இருக்கு," என்று லாரன்ஸ் சொன்னபோது அதைப் பாராட்டாகவே குரு எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்த பகுதிக்குப் பன்னிரண்டு பேரை மாற்றி ஒரு வாரம் சோதனை ஓட்டம் பார்த்தார்கள். கட்டடம் குருவாகவே நடந்துகொண்டது. யாராவது பேச ஆரம்பித்த நான்காவது நிமிடத்தில் மீட்டிங் அறையின் விளக்கு மங்கியது. குரு பேசும்போது மட்டும் பிரகாசமானது. அடைத்த கதவுகள் நடுவில் தானாகத் திறந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. வரவேற்பறைத் திரையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குரு வாங்கிய விருதுகள் ஓடின. ஒன்பதரைக்கு வந்தவனுக்குக் காபி மெஷின் ஆறிய காபி கொடுத்தது. மாலை ஆறு மணிக்கு வெளியே போகிறவர்களுக்கு லிஃப்ட் வரவே இல்லை; ஏழரைக்கு வந்தது. நான்காம் நாள் ஓவியம் வரையும் ஓர் இளம்பெண் கழிவறைக்குள் போய் அழுதாள். கட்டடம் அங்கே விளக்கைப் பளீரென்று போட்டு, கதவையும் திறந்துவிட்டது.

வாரக் கடைசியில் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். குருவுக்குக் காரணம் புரியவில்லை.

"ஏதோ கொஞ்சம் கரடுமுரடா இருக்கு மேடம். சரி பண்ணிடுங்க. திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மும்பைக்குப் போனார்.

பழைய பதிவுக்கு எத்தனை தடவை மெருகு போட்டாலும் அது குருவாகத்தான் இருக்கும் என்று லாரன்ஸ் கையை விரித்துவிட்டார். ரமீஜா வரவேற்பறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தமயந்தியைக் கவனித்தாள்.

தமயந்தி அங்கே முன்னலுவலகப் பொறுப்பாளர். வயது முப்பத்தாறு. பத்து வருடமாகத் தினமும் வண்டலூரிலிருந்து ரயிலில் வருகிறவள். அந்த ஒரு வாரமும் கட்டடம் செய்ததையெல்லாம் அவள் கையால் திருத்திக்கொண்டிருந்தாள். தானாகத் திறக்கும் கதவுக்கு அடியில் மடித்த அட்டையைச் சொருகினாள். ஆறிய காபியை வாங்கி, பின்னால் கொண்டுபோய்ச் சுடவைத்துக் கொடுத்தாள். அழுத பெண்ணை ஒன்றும் கேட்காமல் ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய், "இந்தப் பேனாவெல்லாம் எண்ணிக் குடும்மா, அவசரம்," என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். எண்ணிக்கையைத் தமயந்தி குறித்துக்கொள்ளவே இல்லை.

"தமயந்தி, ஒரு சின்ன உதவி பண்ணணுமே," என்றாள் ரமீஜா. "மெஷினை டெஸ்ட் பண்ணணும். ஆறு நாள், தினம் மூணு மணி நேரம் உக்காந்தா போதும். தலைல ஒண்ணு மாட்டுவாங்க. கதை மாதிரி ஏதாவது கேப்பாங்க."

"எனக்கு அதெல்லாம் வருமா மேடம்? கிரியேட்டிவ் ஆளுங்க யாரையாவது கூப்பிடுங்களேன்."

"டெஸ்டிங்தானே. யாரு வேணாலும் உக்காரலாம்."

"சரி மேடம். டெலிபோனை மட்டும் யாராவது பாத்துக்கணும்."

அவள் லாரன்ஸ் நீட்டிய படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். ரமீஜா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். லாரன்ஸ் ரமீஜாவைத் தனியே அழைத்தார்.

"மேடம், இயல்பை அளித்தவர்னு பேரு போடணும். பேரு போட்டே ஆகணும்."

"குரு பேருதான் ஏற்கெனவே இருக்கே."

"இருக்கு."

"அப்ப அது அப்படியே இருக்கட்டும் லாரன்ஸ்."

லாரன்ஸ் படிவத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தமயந்தியின் பெயருக்கு எதிரே 'சோதனைப் பங்கேற்பாளர்' என்று எழுதினார்.

குருவிடம் ரமீஜா சொன்னது இதுதான்: "உங்க பதிவையே கொஞ்சம் ஆழமா போயி எடுத்தோம் குரு. உள்ள இருக்கற நீங்க." குரு கண்ணை மூடித் தலையாட்டினார். உள்ளே தான் இருப்பது அவருக்கு எப்போதுமே தெரிந்த விஷயம்.

திறப்பு விழா முடிந்த முதல் வாரத்திலேயே ஊருக்குள் பேச்சாகிவிட்டது. கிறுக்கல் ஸ்டூடியோவுக்குள் போனால் யாரோ நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது என்றார்கள். வரி சிக்காமல் தவிக்கும் எழுத்தாளரின் அறைக் கண்ணாடி தானாக மங்கலாகி, அந்த அறைக்கு அழைப்புகள் வராமல் நின்றன. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் கூட்டங்களில் ஏசி மெல்லக் குளிர்ந்து எல்லோரையும் எழுப்பிவிட்டது. சண்டை போட்ட இருவருக்கு மீட்டிங் அறைப் பட்டியல் எப்படியோ மாறி, ஒரே அறை கிடைத்தது. அங்கே காபி மெஷின் இரண்டு கோப்பை வைத்திருந்தது. குரு கோபமாக யாரையாவது தேடிக்கொண்டு வரும்போது அவர் அறைக் கதவு திறக்க ஐந்து விநாடி கூடுதலாக எடுத்தது. அந்த ஐந்து விநாடியில் பாதிக் கோபம் போய்விடும்.

ஒரு வடிவமைப்புப் பத்திரிகை 'ஒரு கலைஞனின் இதயத்துக்குள் நாற்பத்தைந்து பேர்' என்று ஆறு பக்கம் எழுதியது. கதவுப் பிடியில் கை வைத்தபடி குரு நிற்கும் படம் அட்டையில் வந்தது. ரமீஜாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த உள்ளரங்க விருது கொடுத்தார்கள். மேடையில் அவள் லாரன்ஸுக்கு நன்றி சொன்னாள், தச்சர்களுக்குச் சொன்னாள், மின்பணியாளர்களுக்குச் சொன்னாள். ஒரு பெயர் வாய்வரை வந்து நின்றது. சபையில் குரு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதம் கழித்துத் தமயந்தி ரமீஜாவின் தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வைத்திருந்தாள்.

"ஒரு கேரக்டர் சர்டிபிகேட் மாதிரி ஏதாவது குடுக்க முடியுமா மேடம்? உங்க பேரு இருந்தா மதிப்பாங்க."

"எதுக்கு? கிறுக்கல்ல என்னாச்சு?"

"வேணாம்னுட்டாங்க. கணக்கெடுத்தாங்களாம். ஆறு மாசமா ஃப்ரண்ட் ஆபீஸுக்கு யாரும் எதுக்கும் வரலைன்னு ரிப்போர்ட்டு. அதுவும் நெசந்தான் மேடம். எனக்கு வேலையே இல்ல. ஒருத்தருக்குத் தலவலின்னு நான் எழுந்திருக்கறதுக்குள்ள லைட்டு குறைஞ்சிடுது. நான் நெனைக்கறதையே அது நெனைக்குது. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

ரமீஜா கடிதம் எழுத ஆரம்பித்தாள். 'இவர் பிறர் மனமறிந்து' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டு நடந்ததை முழுக்கச் சொன்னாள். தொப்பி, படிவம், 'சோதனைப் பங்கேற்பாளர்', மேடையில் சொல்லாமல் விட்ட பெயர், எதையும் மறைக்கவில்லை.

 தமயந்தி கேட்டு முடித்ததும் கோப்பினை மடியில் வைத்து அதன் பொத்தானைத் திறந்து திறந்து மூடினாள்.

"அப்ப அது நானா மேடம்?"

"ஆமா."

"என்னை வச்சு என்னையே வேலையைவிட்டுத் தூக்கிட்டீங்க."

ரமீஜா பாதி எழுதிய கடிதத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். தமயந்தியே, "பரவால்ல மேடம். நீங்க என்ன பண்ணுவீங்க, விழா தேதி குறிச்சிட்டாங்க. சாப்பிட்டீங்களா? முகமெல்லாம் வாடியிருக்கே," என்றாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று ரமீஜாவுக்குத் தோன்றியது.

அன்றே ரமீஜா குருவிடம் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஃப்ரண்ட் ஆபீஸ் தமயந்தியா? போங்க மேடம். ஆறு பக்கம் எழுதியிருக்கான், என் இதயம்னு. அவன் என்ன முட்டாளா?"

"லாரன்ஸ்கிட்ட கேளுங்க."

"கேக்க மாட்டேன். கோயம்புத்தூர், கொச்சி, ஹைதராபாத், மூணு இடத்துல இதே குணத்தோட கிளை வருது. நீங்கதான் டிசைன். இந்தப் பேச்சை இதோட விட்டுடுங்க."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போகத் திரும்பினார். கதவு திறக்க ஐந்து விநாடி ஆனது.

இயல்பைப் பிரதியெடுக்கச் சட்டப்படி அளித்தவரின் ஒப்புதல் வேண்டும். ரமீஜா இயல்புப் பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். தான் செய்த மோசடியைத் தானே கையெழுத்திட்டுச் சொல்லும் மனு அது. அதற்குப் பிறகு அவளுக்குப் புதிய வேலைகள் வருவது குறைந்தது. விருதைத் திருப்பித் தரும்படி நாசூக்காக ஒரு கடிதம் வந்தது. அவள் திருப்பிக் கொடுத்தாள். தமயந்திக்கு வழக்கில் பெரிய ஆசை எதுவும் இல்லை. "பேரு மட்டும் போட்டா போதும் மேடம். எங்கயாவது ஒரு மூலைல," என்றாள்.

பதினாலு மாதம் இழுத்தது. அதற்குள் தமயந்திக்குச் சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் புகார்ப் பிரிவு வேலை கிடைத்திருந்தது. எண்ணூறு வீடுகள். லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் நின்றாலும் எண்ணூறு வீடும் அவளிடம்தான் கத்தும். ரமீஜா ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்தாள்.

"எப்படிப் போகுது தமயந்தி?"

"மொத மாசம் செத்தேன் மேடம். ஒவ்வொருத்தரு கஷ்டத்தையும் கேட்டு, நானே பிளம்பரைத் தேடி ஓடி, வீட்டுக்குப் போயும் அதே நெனப்பு. மேனேஜர் கூப்பிட்டு, உன் வேலை தீர்த்து வைக்கறது இல்ல, முடியாதுன்னு சொல்றதுன்னாரு. ஒரு நாளைக்கு அறுபது தடவ சொல்லணும். சொல்லச் சொல்லப் பழகிடுச்சு."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து, மனைவிக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் லாரியை முதலில் தங்கள் பிளாக்குக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். தமயந்தி அவர் முகத்தைப் பார்க்காமல், "முடியாது சார். வரிசைப்படிதான் வரும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இறுதி விசாரணை ஏப்ரல் மாதம் ஒரு காலை பதினோரு மணிக்கு. நாட்டில் இயல்புகளுக்கெல்லாம் உரிமை வழங்கும் அந்த அலுவலகத்துக்கு எந்த இயல்பும் போடப்படவில்லை. மின்விசிறிகள் ஒரே வேகத்தில் சுற்றின. நாற்காலிகள் யாருக்கும் பொருந்தவில்லை. பதிவாளர் அம்மாள், வழக்கைப் படித்ததன் அடையாளமாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"படிவத்துல குமரகுருபரன் பேரு இருக்கு. மனுவுல தமயந்தின்னு இருக்கு. பேச்சு எதுக்கு? ரெண்டு பேருக்கும் தொப்பிய மாட்டுங்க. கட்டடத்துல இருக்கற இயல்போட யாருது எழுபத்தஞ்சு சதவீதத்துக்கு மேல பொருந்துதோ அவங்களுது. சட்டம் அவ்வளவுதான்."

லாரன்ஸ் சோதனையை நடத்தினார். ஆளுக்கு நாற்பது சூழ்நிலைகள். ரமீஜா பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக நெஞ்சில் இருந்த பாரம் இன்றைக்கு இறங்கிவிடும் என்று நம்பினாள். குரு தொப்பியோடு மிகவும் அடக்கமாக உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். தோற்கப்போவது தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

லாரன்ஸ் முடிவைப் படித்தார். பிறகு, வழக்கம்போல, இரண்டாவது தடவையும் படித்தார்.

"தமயந்தி, நாப்பத்தொரு சதவீதம். குமரகுருபரன், எண்பத்தேழு சதவீதம்."

ரமீஜா எழுந்து நின்றுவிட்டாள். "இது தப்பு. மெஷினைப் பாருங்க லாரன்ஸ். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதானே எடுத்தீங்க? உங்க கையாலதானே எடுத்தீங்க?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு மேடம்," என்றார் லாரன்ஸ். அவர் குரல் இறங்கியிருந்தது. "அப்ப எடுத்தது அவங்களோடதுதான். நான் அதை எழுதியே குடுத்திருக்கேன். ஆனா குரு சார் ரெண்டு வருஷமா தினம் பன்னெண்டு மணி நேரம் அந்தக் கட்டடத்துக்குள்ள இருந்திருக்காரு. கதவு மெதுவா திறந்தா, நிக்கக் கத்துக்கறோம். லைட்டு குறைஞ்சா, குரலைக் குறைக்கறோம். மனுஷன் அவன் இருக்கற இடமா மாறிடறான். அவங்க," என்று தமயந்தியைக் காட்டினார், "வேற இடத்துல இருந்திருக்காங்க."

"அப்ப எடுத்த பதிவு யாருது?" என்று ரமீஜா பதிவாளரைக் கேட்டாள்.

"அப்ப எடுத்தப்போ அவங்க சோதனைப் பங்கேற்பாளர். நீங்கதான் அப்படிப் போடச் சொல்லியிருக்கீங்க, உங்க மனுவுலயே இருக்கு," என்றார் பதிவாளர் அம்மாள். அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. "இன்னைக்கு யார்கிட்ட இருக்குன்னுதாம்மா சட்டம் கேக்குது. யார்கிட்ட இருந்துச்சுன்னு கேக்கறதுக்குப் பிரிவு இல்ல."

முத்திரை விழுந்தது. இயல்பின் உரிமையாளர் குமரகுருபரன்.

வெளித் தாழ்வாரத்தில் குருதான் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். வெற்றி பெற்ற முகம் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. கையில் இரண்டு தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒன்றைத் தமயந்தியிடமும் ஒன்றை ரமீஜாவிடமும் நீட்டினார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. சாப்பிட்டீங்களா தமயந்தி?"

பத்து வருடம் 'வா, போ' என்று கூப்பிட்டவர் 'நீங்க' என்று கேட்டது தமயந்திக்குக்கூட ஒரு கணம் உறைத்தது. அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"இது உங்களோடதுதான்னு எனக்குத் தெரியும்," என்றார் குரு. "ஒரு வருஷமாவே தெரியும். கிளைக்குப் பணம் போட்டவங்களுக்குக் கஷ்டமா போயிடுமேன்னுதான் கேஸை விட முடியல. திட்டறதுக்கு வாயத் திறந்தா, அவங்க வீட்ல என்ன பிரச்சினையோன்னு தோணுது. மூணு பேரு ஆபீஸுக்கே ஒழுங்கா வர்றதில்ல, அவங்க வேலையையும் நானே பாக்கறேன். போன மாசம் ஒரு கிளையன்ட் விளம்பரம் கேவலமா இருக்குன்னு கத்தினான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன். எல்லாரும் என்னை நல்லவன்னு சொல்றாங்க. என்னால தாங்க முடியல. பத்து வருஷம் இதை எப்படிம்மா வச்சிருந்தீங்க?"

"இருந்துச்சு சார். அவ்வளவுதான்."

"திரும்ப எடுத்துக்கோங்க. நான் எழுதிக் குடுத்துடறேன். கிளை எல்லாத்துலயும் உங்க பேரைப் போடறேன். ஆபீஸுக்கு வந்துடுங்க. அதுக்குள்ள இருந்தா ஒரு வருஷத்துல திரும்ப வந்துடும்னு லாரன்ஸ் சொல்றாரு."

தமயந்தி கொஞ்சம் யோசித்தாள். அவரைப் பழிவாங்கும் எண்ணம் அவள் முகத்தில் இல்லை. ஒரு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, நமக்குச் சரிப்படாது என்று சொல்கிறவள்போலத்தான் சொன்னாள்.

"முடியாது சார்."

குரு தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் அவரால் வற்புறுத்த முடியவில்லை. வற்புறுத்தினால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்திருப்பார். "வீட்டுக்குப் பத்திரமா போங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ரமீஜாவும் தமயந்தியும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். தமயந்திக்கு இரண்டு மணிக்கு டியூட்டி. நிழற்குடையில் இடம் இருந்தும் இருவரும் உட்காரவில்லை.

"தமயந்தி, என்னை மன்னிச்சிடுங்க," என்றாள் ரமீஜா. இத்தனை நாளில் இந்தச் சொல்லை அவள் சொன்னதே இல்லை. மனு எழுதினாள், விருதைத் திருப்பினாள், லாரன்ஸோடு சண்டை போட்டாள். இதைச் சொல்வதற்கு வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தாள். என்ன பதில் வரும் என்றும் அவளுக்குத் தெரியும். பரவால்ல மேடம்.

தமயந்தி அவளை நேராகப் பார்த்தாள். உண்மையாகவே முயற்சி செய்கிறவள்போலப் புருவத்தைச் சுருக்கினாள்.

"இல்ல மேடம். வரல," என்றாள். "முன்னாடின்னா கேட்ட உடனே வந்திருக்கும். இப்ப தேடிப் பாக்கறேன், இல்ல. பொய்யா சொல்ல வேணாமேன்னு பாக்கறேன்."

பேருந்து வந்தது. அவள் முன்பக்கமாக ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் ஏதோ சொன்னாள். அவன் எழுந்து இடம் கொடுத்தான். அது பெண்கள் இருக்கையாக இருக்கும்.

மறுநாள் கிளைகளுக்கான வரைபடங்களில் கையெழுத்துப் போட ரமீஜா கிண்டிக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. சீக்கிரமே போய்விட்டாள். வரவேற்பறையில் யாரும் இல்லை. தமயந்தி போனதுமே முன்னலுவலக மேஜையை எடுத்துவிட்டுச் செடித்தொட்டி வைத்திருந்தார்கள்.

அவள் கதவைத் தொடுவதற்கு முன்பே கதவு திறந்தது. உள்ளே போனதும் நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. யாரும் இல்லாத ஒரு சின்ன அறை தானாகத் திறந்து, அவள் நுழைந்ததும் கண்ணாடியை மங்கலாக்கிக்கொண்டது, அவள் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்பதுபோல. ஏசியின் சத்தம்கூடக் குறைந்தது. மூலையில் இருந்த மெஷின், கேட்காமலே ஒரு தேநீர் போட்டு வைத்தது. சர்க்கரை அரை ஸ்பூன் குறைவாக, அவளுக்குப் பிடித்த அளவில்.

ரமீஜா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். தமயந்தியிடம் நேற்றுக் கேட்டுக் கிடைக்காததை இந்த அறை கேட்பதற்கு முன்பே கொடுத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கொடுக்கும். நாளைக்குக் கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் ஹைதராபாத்திலும், உள்ளே நுழைகிற யாருக்கும்.

வரைபடங்கள் மேஜைமேல் அடுக்கியிருந்தன. அவள் பேனாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், திரும்ப மூடினாள். அவள் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தேநீரைத் தொடாமல் எழுந்து வந்த வழியே நடந்தாள். கதவு இந்தத் தடவை உடனே திறக்கவில்லை. அவள் மனது மாறுவதற்கு ஐந்து விநாடி கொடுத்தது. அவள் நின்றாள். திறந்ததும் வெளியே வந்தாள்.

தொழிற்பேட்டைச் சாலையில் வெயிலில் கண் கூசியது. ஒரு லாரி பின்னோக்கி வருவதற்காக விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் குறைக்க அங்கே யாரும் இல்லை. ரமீஜா கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, ஆட்டோ வரும்வரை வெயிலிலேயே நின்றாள்.